பூங்காவில் நாய்க்குக் கயிறு வேண்டும்

அந்தமானின் ஸ்ரீ விஜய புரத்தில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு கட்டத் தொடங்கும். அலுவலகம் விட்டவர்கள், பள்ளி விட்ட பிள்ளைகள், முட்டிவலியோடு மெல்ல நடக்கும் பெரியவர்கள், கப்பலில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள் என எல்லோருக்கும் கிடைப்பது மெரினா பார்க், ஜாகர்ஸ் பார்க், டில்தமன் டேங்க் ஓரத்துக் காந்தி பார்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். மேடும் பள்ளமும் கடலுமாக நெருக்கும் ஊரில் சமதளமான பொதுவெளி அரிது. அந்தக் கொஞ்ச இடத்தை நாய்களும் பகிர்ந்துகொள்கின்றன. சில, பட்டையும் சங்கிலியுமாக வருகின்றன. சில, கழுத்தில் பட்டை மட்டும் இருக்க, வளர்ப்பவரை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு ஓடி வருகின்றன. இன்னும் பல எந்த வீட்டையும் சேராதவை.

பொதுப் பூங்காவில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் வர வேண்டுமா என்று கேட்டால், ஆம் என்பதே நம் பதில். என்ன இனம், எவ்வளவு உயரம், எவ்வளவு சாது என்று பார்க்காமல் எல்லா நாய்க்கும் இது பொருந்த வேண்டும். பூங்காவுக்குச் சொல்வதைக் கடற்கரைக்கும் சேர்த்தே சொல்கிறோம். மெயின்லேண்டில் இது பெரும்பாலும் கடிபடாமல் இருப்பது பற்றிய பேச்சு. நம் தீவுகளிலோ இதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அவை இரண்டும் நாய் வளர்ப்பவரோடு முடிந்துபோகிறவை அல்ல.

முதலில் கடியைப் பேசிவிடுவோம். 2024 மே 5-ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பூங்காவைக் காவல் காத்து அங்கேயே தங்கியிருந்த குடும்பத்தின் குழந்தை அவள். நாய்கள் கயிற்றில் இல்லை. தலையில் பலத்த காயத்தோடு அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. காப்பாற்றப் போன தாயும் கடிபட்டார். உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகுதான் சென்னை மாநகராட்சி உரிமம், கயிறு, வாய்மூடி பற்றி உரக்கப் பேசத் தொடங்கியது. 2025 இறுதியில் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற நிலை வந்தது. ஒரு குழந்தையின் தலையில் தையல் விழுந்த பிறகு வந்த ஒழுங்கு அது. நமக்கு அப்படி வர வேண்டாம்.

நாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். அவர்கள் எதிரே வருபவரிடம் சொல்லும் வார்த்தையும் நல்லெண்ணத்தோடு வருவதுதான்: "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது." ஆனால் கேட்பவருக்கு அந்த நாயின் குணம் தெரியாது. வளர்ப்பவருக்குமே அது வீட்டுக்குள் இருக்கும் குணம்தான் தெரியும். பந்தைத் துரத்தி ஓடும் குழந்தையையும், வேகமாகப் போகும் சைக்கிளையும், எதிரே வரும் இன்னொரு நாயையும் கண்டால் அது என்ன செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்தவர் பயத்துக்கு நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பயந்தவர் பூங்காவுக்கு வராமல் நின்றுவிடுவார், பொதுவெளி அவருக்கு இல்லாமல் போய்விடும். சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சட்டப் பிரிவைக் காட்டிப் பூங்காவைக் காக்க முடியாது. மாலை நடைக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசி ஏற்றுக்கொள்ளும் வழக்கமாக இது வர வேண்டும்.

இனி நம் தீவுக்கே உரிய காரணங்கள்.

இந்தியாவில் வெறிநோய் இல்லாத பகுதிகளாக நீண்ட காலமாக அறியப்பட்டு வருபவை இரண்டுதான். ஒன்று லட்சத்தீவு, மற்றொன்று நம் அந்தமான் நிக்கோபார். இதன் மதிப்பு நமக்கே சரியாகத் தெரிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் அண்மையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் பேர் விலங்குகளிடம் கடிபடுகிறார்கள். அந்தக் கடிகளில் நான்கில் மூன்று நாய்க்கடி. வெறிநோயால் ஆண்டுக்கு 5,700-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்று சொல்லத்தக்க நோய் அது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் நாய் கடித்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. அந்த அச்சம் தெரியாமல் இங்கே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. இதற்குக் காரணம் நம் திறமை மட்டுமல்ல. நடுவே கிடக்கும் 1,200 கிலோமீட்டர் கடல்தான் பெருங்காரணம்.

அந்தக் கடலைக் கப்பல் மூன்று நாளில் கடந்துவிடுகிறது, விமானம் இரண்டரை மணி நேரத்தில். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஆசையாகக் குட்டி வாங்கி வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வெறிநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்த பிறகும் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கும். ஹட்டோ ஜெட்டியில் வாலாட்டிக்கொண்டே இறங்கும் ஒரு குட்டியைப் பார்த்து, அது நோயற்றது என்று கண்ணால் கண்டுபிடிக்கக் கால்நடை மருத்துவராலும் முடியாது.

இது வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் நம் தென்கிழக்கு அண்டை நாடான இந்தோனேசியாவைப் பார்க்க வேண்டும். புளோரஸ் தீவில் 1997 வரை வெறிநோய் கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பரில், நோய் பரவியிருந்த சுலவேசிப் பகுதியிலிருந்து படகில் மூன்று நாய்கள் வந்து இறங்கின. மூன்றே மூன்று. நோய் பரவியது தெரிந்ததும் அதிகாரிகள் நாய்களைக் கொன்று குவித்தார்கள். நோய் புகுந்த மாவட்டத்தில் ஓராண்டுக்குள் பத்தில் ஏழு நாய்கள் கொல்லப்பட்டன. நோய் போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் குறைந்தது 113 மனிதர்கள் இறந்தார்கள். பாலித் தீவும் 2008 வரை வெறிநோய் அறியாத இடம்தான். ஆண்டுதோறும் உலகமே வந்து போகும் அந்தச் சுற்றுலாத் தீவில் நோய் நுழைந்த பிறகு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கும் முதலில் நாய்க்கொலைதான் நடந்தது. தங்கள் நாய்களைக் காப்பாற்ற மக்கள் அவற்றை வேறு ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நோயும் கூடவே போனது. கொன்ற நாயின் இடத்தில் தடுப்பூசி போடாத புதுக் குட்டி வந்தது. தீவு முழுக்கத் தடுப்பூசி போட ஆரம்பித்த பிறகே எண்ணிக்கை இறங்கியது.

நாய்களை ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் புளோரஸின் கணக்கை ஒருமுறை படிக்க வேண்டும். கொலையால் நாய் குறையலாம், நோய் குறையாது. தடுப்பூசி போட்ட, கருத்தடை செய்த, ஊராரால் அடையாளம் காணப்பட்ட நாய்தான் ஊருக்குக் காவல்.

சரி, இதில் கயிறு எங்கே வருகிறது? நோய் கடியின் வழியே பரவுகிறது. கயிற்றில் இருக்கும் நாய் யாரைக் கடித்தது, எந்த நாயிடம் கடிபட்டது என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். அவிழ்த்துவிட்ட நாய் பூங்காப் புதருக்குள் போய்ச் சண்டையிட்டு வந்தால் அது யாருக்கும் தெரியாது. பிரிட்டன் ஒரு தீவு நாடு. 1897-இல் நாய்களுக்கு வாய்மூடி கட்டாயம் என்று அங்கே ஆணை பிறந்தது. நாய்ப் பிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் 1902-க்குள் வெறிநோய் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் போர்முனையிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்ட நாய்களால் திரும்ப வந்தது. மறுபடி அதே கட்டுப்பாடு, 1922-இல் மறுபடி ஒழிந்தது. ஜப்பான் 1950-இல் தனிச் சட்டம் இயற்றியது. நாயைப் பதிவு செய், ஊசி போடு, அவிழ்த்துவிடாதே என்பதே அதன் சாரம். ஏழே ஆண்டுகளில் நோய் அங்கே இல்லாமல் போனது. அவர்கள் நோயை விரட்டக் கயிற்றை எடுத்தார்கள். நமக்கு விரட்டும் வேலை இல்லை, வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தாமதத்தின் விலையும் இங்கே அதிகம். மெயின்லேண்டில் கடிபட்டவர் அரை மணியில் மருத்துவமனைக்குப் போய்விடலாம். லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் கடிபட்டவர் மேல்சிகிச்சைக்கு ஸ்ரீ விஜய புரத்து ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர வேண்டுமானால் கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். கேம்பல் பே இன்னும் தொலைவு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் எல்லாத் தீவிலும் தட்டுப்பாடின்றி இருப்பதை நிர்வாகம் உறுதி செய்ய வேண்டியது ஒருபுறம். கடி நேராமல் பார்ப்பது நம் புறம். நாய் யாரைக் கடித்தாலும், நோய் இல்லாத தீவுதானே என்று அலட்சியம் காட்டாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போவதே சரி.

அடுத்தது கடற்கரை. இந்தியாவில் ஏழுவரி ஆமை குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் கரையேறி முட்டையிடுவது நம் தீவுகளில் மட்டும்தான். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை ஆகியவையும் இங்கே வருகின்றன. ரங்கத் அருகே கத்பர்ட் பே, டிக்லிப்பூர் பக்கம் ராம்நகரும் காலிப்பூரும், லிட்டில் அந்தமானின் தெற்கு, மேற்குக் கரைகள், கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா பே எல்லாம் அவற்றின் பிரசவ அறைகள். லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஏழுவரி ஆமைகளில் சில மேற்கு ஆஸ்திரேலியா வரையிலும், சில ஆப்பிரிக்கக் கரையோரம் வரையிலும் நீந்திப் போயிருக்கின்றன. அத்தனை தொலைவு சுற்றும் உயிர், குழி தோண்டி முட்டையிட நம் மணலைத் தேடி வருகிறது. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை. தாய் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு ஐம்பது அறுபது நாள் அந்த முட்டைகளைக் காக்க யாரும் இல்லை.

நாயின் மூக்குக்கு அந்தக் குழி ஒரு பொருட்டே அல்ல. ஒரே இரவில் ஒரு குழியைக் காலி செய்துவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுகள் கடலை நோக்கித் தவழும்போதும் நாய் காத்திருக்கும். 1970-களின் இறுதியிலிருந்து இந்தத் தீவுக் கரைகளைத் தனியாளாக நடந்தே ஆய்வு செய்த சதீஷ் பாஸ்கர் முதல், இன்று வண்டூரிலிருந்து இயங்கும் அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவினர் வரை, ஆமை ஆய்வாளர்களின் பதிவுகளில் முட்டைகளின் எதிரியாக நாய் திரும்பத் திரும்ப வருகிறது. உடும்பும் காட்டுப்பன்றியும்கூட முட்டை தின்னும். ஆனால் அவை இந்த மண்ணிலேயே ஆமையோடு வாழ்ந்து வந்தவை. நாய் அப்படி அல்ல. 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை நிறுவும் வரை அந்தமான் பழங்குடிகளிடம் நாய் இருந்ததில்லை. கப்பலில் வந்த நாயைப் பன்றி வேட்டைக்குப் பழக்கிக்கொண்டது அதற்குப் பிறகுதான். கைதிகளாகவும், அகதிகளாகவும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களாகவும், வேலை தேடியவர்களாகவும் இங்கே வந்து சேர்ந்த நம் முன்னோர்களைப் போல நாயும் கப்பலேறி வந்தது. நம்மோடு வந்ததற்கு நாம்தான் பொறுப்பு.

ஆமைகளுக்காக வனத்துறை ஆண்டுதோறும் கரைகளில் பொரிப்பகம் அமைக்கிறது. இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணலில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள் ஊழியர்கள். பொரிப்பகம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் கடலரிப்பு, இன்னொரு காரணம் நாய். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான ஆமைக் காலத்தில் கரையோரக் குடியிருப்புகளும் ரிசார்ட்டுகளும் இரவில் நாயைக் கட்டிவைத்தாலே அந்த ஊழியர்களின் பாதி வேலை மிச்சமாகும். ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரைக்கு 2020-இல் கிடைத்த புளூ ஃபிளாக் சான்றிதழிலும் நாய்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. குளிக்கும் இடத்துக்கு நாய் வரக் கூடாது, நடைபாதையில் வந்தால் கயிற்றில் வர வேண்டும். ஒரு கடற்கரைக்கு வெளிநாட்டுச் சான்றிதழுக்காக நாம் ஏற்றுக்கொண்டதை, மற்றக் கடற்கரைகளுக்கு நமக்காக ஏற்றுக்கொள்வதில் என்ன தடை?

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. பூங்காவில் தொல்லை தருவதெல்லாம் தெருநாய். அதற்குக் கயிறு கட்ட ஆளில்லை. ஒழுங்காகப் பட்டையும் ஊசியும் போட்டு வளர்ப்பவனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? நியாயமான கேள்வி. ஆனால் தெருநாய் வானத்திலிருந்து குதிப்பதில்லை. கருத்தடை செய்யாத வீட்டு நாய் அவிழ்ந்து திரிந்து போட்ட குட்டிகள், ஆசை தீர்ந்ததும் கைவிடப்பட்டவை, மாற்றலாகி மெயின்லேண்டுக்குத் திரும்பும் குடும்பம் ஜெட்டியில் விட்டுப்போனவை ஆகியவற்றின் வழித்தோன்றல்தான் தெருநாய். வீட்டு நாயின் கயிறு நாளைய தெருநாயைக் குறைக்கும்.

இன்றைய தெருநாய்க்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2023-இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சியின் கடமை ஆக்கியிருக்கின்றன. உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு அருகில் இருக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வார்டுதோறும் உணவிடும் இடத்தை ஒதுக்கச் சொன்னது, கண்ட இடத்தில் உணவிடுவதைத் தடுத்தது, ஊசி போட்டுக் கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பர் 7-ஆம் தேதி ஆணையில் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தி, திரும்ப அங்கேயே விடக் கூடாது என்றும் சொன்னது. இவற்றை நிறைவேற்ற நகராட்சி மன்றத்துக்கு மருத்துவரும் கூடமும் பணமும் வேண்டும். வரி கட்டுபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, மீன் சந்தைக் கழிவும், கறிக்கடை எலும்பும், பீச்சில் சுற்றுலாப் பயணிகள் வீசும் சாப்பாட்டுப் பொட்டலமும் நாய்க்கூட்டத்தை வளர்க்கின்றன. கழிவை மூடிய தொட்டியில் போடும் கடைக்காரர், கருத்தடை மருத்துவருக்கு இணையான வேலையைச் செய்கிறார்.

நாய்க்கு ஓட இடம் வேண்டாமா என்று கேட்பவர்களின் அக்கறையும் உண்மையானது. நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய் முரடாகிவிடும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் பொது இடத்தில் நாயைக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும். அதே ஊரில் பீஷான் போன்ற பூங்காக்களில் வேலியிட்ட தனித்திடல் அமைத்து, உள்ளே நாயை அவிழ்த்துவிட இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் நகரிலும் ஒரு திடலைக் கம்பி வேலி போட்டு ஒதுக்குவது நகராட்சிக்கு முடியாத செலவல்ல. அது வரும் வரை, நீளக் கயிற்றில் விடியற்காலை நடை நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது. மானையும் பன்றியையும் விரட்டப் பாக்குத் தோட்டத்திலும் காய்கறி வயலிலும் நாய் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கயிற்றுப் பேச்சு பொருந்தாது. அவரிடம் கேட்பது ஊசியும் கருத்தடையும் மட்டுமே.

வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாகத் தமிழ் அதிகம் பேசப்படும் தீவுகள் இவை. நம் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்ப்பதுபோல, ஆண்டுக்கு ஒருநாள் கால்நடைத் துறையோடு சேர்ந்து தடுப்பூசி முகாம் நடத்தினால் ஆயிரக்கணக்கான நாய்களுக்கு ஊசி போய்ச் சேரும். கப்பல் நிறுவனங்களும் துறைமுக, விமான நிலைய அதிகாரிகளும் தடுப்பூசிச் சான்று இல்லாத ஒரு நாயையும் ஏற்றவோ இறக்கவோ விடக் கூடாது. வெளியிலிருந்து குட்டி வாங்கி வந்தவர், முழுத் தடுப்பூசி முடிந்து சில மாதங்கள் ஆகும்வரை அதை மற்ற நாய்களோடு கலக்க விடாமல் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பூங்கா வாசலில் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் ஒரு பலகை வைக்க நகராட்சிக்கு ஒரு வாரம் போதும்.

நாய் வளர்க்கும் வாசகர்களிடம் நேராக ஒரு வேண்டுகோள். இன்று மாலை கிளம்பும் முன் ஊசி அட்டையில் அடுத்த தேதி எப்போது என்று பாருங்கள். தாண்டிப் போயிருந்தால் நாளைக்கே கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பூங்கா வாசலிலிருந்து திரும்பி வரும் வரை கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படிச் செய்யும்படி அன்பாகச் சொல்லுங்கள்.